வாணலி எண்ணெய்க்கு விதி உண்டு, அதன் புகைக்கு?

உணவகத்தின் வாணலியில் காயும் எண்ணெய்க்கு இந்தியாவில் ஒரு வரம்பு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் அதில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், அந்த எண்ணெயை மேற்கொண்டு சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் இந்த விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் இடங்கள், எவ்வளவு பயன்படுத்தினோம், எவ்வளவு கழித்தோம், கழித்ததை யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி 2019 மார்ச்சில் வந்தது. அதே வாணலியிலிருந்து ஆவியாகவும் புகையாகவும் கிளம்பி, எக்ஸாஸ்ட் குழாய் வழியே தெருவுக்குப் போகிற எண்ணெய்க்கு அப்படி ஒரு வரம்பும் இல்லை, பதிவேடும் இல்லை. உணவு உரிம விதிகளின் நான்காம் அட்டவணை, அசுத்தமான பகுதியிலிருந்து சுத்தமான பகுதிக்குக் காற்று வராதபடி காற்றோட்டம் அமைய வேண்டும் என்கிறது. உணவைக் காக்கும் நல்ல விதிதான். சமையலறையை விட்டு வெளியேறிய காற்று யார் வீட்டு ஜன்னலுக்குள் போகிறது என்று அது கேட்பதில்லை. இந்த ஓட்டையை அடைக்கப் புதிய சட்டமோ புதிய துறையோ வேண்டியதில்லை. எண்ணெய்க்கு வைத்த பதிவேட்டைப் புகைக்கும் நீட்டினால் போதும். எந்தக் கருவியை வாங்கினீர்கள் என்பதைவிட, அதை எப்போது கழுவினீர்கள் என்பதே அந்தப் பதிவேட்டின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எண்ணெய் 180 டிகிரியை ஒட்டிக் காயும்போது மேலே எழுவது வெறும் நீராவி என்று பலரும் நினைக்கிறார்கள். மாவிலும் காயிலும் இறைச்சியிலும் உள்ள நீர் சடசடவென்று வெளியேறும்போது எண்ணெயைத் துளித்துளியாக வீசியடிக்கிறது. பெரிய துளிகள் அடுப்பைச் சுற்றியே விழுந்துவிடும். எண்ணெயின் இன்னொரு பகுதி ஆவியாகிப் போய், மேலே சற்றுக் குளிர்ந்த காற்றைத் தொட்டதும் நுண்துகளாக மாறுகிறது. இந்தத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நுரையீரலின் அடிவரை இறங்கக்கூடியவை. கூடவே வாயுக்களும் வருகின்றன. எண்ணெய் தீயும்போது கண்ணைக் கரிக்கவைக்கும் அக்ரோலின் அவற்றில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் வெளியிட்ட தனது 95ஆம் தொகுதியில், உயர் வெப்பத்தில் பொரிப்பதால் எழும் புகையை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. இதைக் கேட்டுப் பீதியடையத் தேவையில்லை. சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. விலங்குகளிடம் போதிய சான்றும் மனிதரிடம் வரம்புக்குட்பட்ட சான்றும் கிடைத்திருப்பதாக அதற்குப் பொருள். வீட்டில் எப்போதாவது வடை சுடுகிறவருக்கு இதில் பெரிய கவலை இல்லை. நாள் முழுக்க அந்த வாணலிக்கு முன்னால் நிற்கிறவரும், புகை வெளியேறும் சந்தில் குடியிருக்கிறவரும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

இதெல்லாம் சீனச் சமையலுக்குப் பொருந்தும், நம்முடையது வேகவைத்தும் கொதிக்கவைத்தும் செய்வதல்லவா என்று ஒரு சமாதானம் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரே உணவங்காடியில் இருந்த சீன, மலாய், இந்தியக் கடைகளின் சமையலிடக் காற்றை ஆய்வாளர்கள் அளந்து, முடிவுகளை 2006இல் வெளியிட்டார்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்த மலாய்க் கடையில் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள் கன மீட்டருக்கு 240 மைக்ரோகிராமைத் தாண்டியது. சீனக் கடையில் 200ஐ ஒட்டி இருந்தது. கொதிக்கவைப்பதே அதிகமாக இருந்த இந்தியக் கடையில்தான் மிகக் குறைவு. அந்த 'மிகக் குறைவு' 180க்கும் மேல். வெளிக்காற்றுக்கு இந்தியா வைத்திருக்கும் 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 15. சமையல் நேரத்து அளவையும் முழுநாள் சராசரியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது சரியான கணக்கல்ல என்றாலும், நம் சமையல் சுத்தமானது என்ற நிம்மதிக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. அதோடு, இட்லியும் சாம்பாரும் மட்டுமே விற்ற காலத்து ஹோட்டல்கள் அல்ல இன்றிருப்பவை. மாலை ஆறு மணிக்கு மேல் எந்த ஊரின் கடைத்தெருவிலும் பரோட்டா கல், ஃபிரைடு ரைஸ் வாணலி, கிரில் சிக்கன் அடுப்பு, சிக்ஸ்டி ஃபைவ் பொரிக்கும் சட்டி எல்லாம் ஒரே நேரத்தில் எரிகின்றன.

நம்மூர் நடுத்தர உணவகம் ஒன்றின் புகை எப்படி வெளியேறுகிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால் கோளாறு எங்கே என்பது தெரிந்துவிடும். அடுப்புக்கு மேலே எவர்சில்வர் ஹூட் இருக்கும். அதில் பாஃபிள் ஃபில்டர் எனப்படும் மடிப்புத் தகடுகள் சாய்வாகச் செருகப்பட்டிருக்கும். காற்று அந்த மடிப்புகளில் திரும்பித் திரும்பிப் போகும்போது, பாரமான எண்ணெய்த் துளிகள் திரும்ப முடியாமல் தகட்டில் மோதி வழிந்து, கீழேயுள்ள தொட்டியில் சொட்டும். தகடுகளை நாள்தோறும் வெந்நீரிலும் சோப்பிலும் ஊறவைத்துக் கழுவினால் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். கழுவாவிட்டால் மடிப்புகள் அடைத்துக்கொண்டு காற்று இழுபடாது. அதைச் சமாளிக்கத் தகட்டையே கழற்றி ஓரமாக வைத்துவிடுவதும் உண்டு. பிறகு பிசுக்கு முழுவதும் டக்ட்டுக்குள் போய்ப் படிகிறது. ப்ளோயர் இறக்கையில் அரக்கு மாதிரி ஏறுகிறது. குழாயின் வாய் பெரும்பாலும் கூரைக்கு மேல் போவதில்லை. முதல் மாடி உயரத்தில் பின்சந்தைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அதன் கீழே சுவரில் கறுப்பாக ஒரு வழிசல், எதிர் வீட்டு ஏசி பெட்டியின் தகடுகளில் ஒட்டும் தூசி, கொடியில் காயும் துணியில் சிக்கு வாடை. மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கக் குழாயின் மேல் கவிழ்க்கும் தொப்பிகூட, மேலே போக வேண்டிய புகையைக் கீழே தள்ளிவிடுகிறது.

இதைச் சுத்தப்படுத்தும் நுட்பம் அரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1907ஐ ஒட்டி கலிஃபோர்னியாவில் ஃபிரெடெரிக் காட்ரெல் என்ற வேதியியலாளர், கந்தக அமில ஆலையின் மூடுபனியைப் பிடிக்க, உயர் மின்னழுத்தத்தில் துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தட்டுகளில் ஒட்டவைக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அனல் மின்நிலையங்களில் சாம்பலைப் பிடிப்பது அதே முறைதான். அதன் சிறிய வடிவம் இன்று சமையலறை டக்ட்டில் பொருத்தும் பெட்டியாகக் கிடைக்கிறது. பாஃபிள் தகட்டுக்குத் தப்பிய நுண்துகளை அது பிடிக்கும், ஆனால் வாயுவையும் வாடையையும் பிடிக்காது. அதற்கு அடுத்தபடியாகச் செயலூட்டிய கரிப் படுகை வேண்டும். வரிசை மாறினால் பணம் வீண். எண்ணெய்த் துகள் நேராகக் கரியில் போய் ஒட்டினால் அதன் நுண்துளைகள் அடைபட்டுச் சீக்கிரமே செத்துப்போகும். காற்று மிகச் சூடாக வந்தாலும் கரி வாடையை விட்டுவிடும். தண்ணீர் தெளித்துக் கழுவும் ஹூட்டும் உண்டு. அந்த எண்ணெய்த் தண்ணீரை வடிகட்டாமல் சாக்கடையில் விட்டால் காற்றின் அழுக்கு கழிவுநீருக்கு இடம் மாறியதோடு சரி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இழுக்கிற காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு எவ்வளவு பெரிய ப்ளோயர் போட்டாலும் புகை மாஸ்டரின் முகத்தைத்தான் சுற்றும்.

கருவியைக் கட்டாயமாக்கினால் முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் பல நாடுகள் சறுக்கின. சீனா 2001இலேயே உணவக எண்ணெய்ப் புகைக்குத் தேசிய வரம்பு கொண்டுவந்தது. வெளியேறும் காற்றில் கன மீட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய்ப் புகை இருக்கக் கூடாது. மூன்று அடுப்புக்குக் குறைந்த சிறிய சமையலறை 60 சதவீதத்தையும், ஆறு அடுப்புக்குக் குறைந்த நடுத்தரச் சமையலறை 75 சதவீதத்தையும், அதற்கு மேற்பட்டவை 85 சதவீதத்தையும் நீக்கக்கூடிய கருவி வைக்க வேண்டும். அளவுக்குத் தக்க பொறுப்பு என்ற இந்தப் பாகுபாடு நாமும் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஆனால் மின்தட்டுக் கருவியின் தட்டுகளில் பிசுக்கு ஏற ஏறப் பிடிக்கும் திறன் இறங்கும். ஒரு கட்டத்தில் தட்டுகளுக்கிடையே பொறி தெறிக்கும். மாதக்கணக்கில் கழுவாத பெட்டி, விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும், வெறும் தகரக் குழாய்தான். ஷாங்காய் போன்ற நகரங்கள் பின்னாளில் உணவக டக்ட்டுகளில் இணையவழிக் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தத் தொடங்கியதற்கு, வாங்கி வைத்ததற்கும் வேலை செய்வதற்கும் நடுவே இருந்த இந்தத் தூரமே காரணம். நமக்கு அவ்வளவு தூரம் போகும் வசதி எல்லா இடத்திலும் இராது. கழுவிய தேதி, கழுவியவர் பெயர், கழுவும் முன்னும் பின்னும் எடுத்த படம் ஆகிய மூன்றும் உள்ள ஒரு பதிவேடு எந்தக் கடையிலும் சாத்தியம்.

கழுவுவதால் முதலில் தப்புவது கடைக்காரரே. டக்ட்டில் படியும் பிசுக்கு எரிபொருள். வாணலியில் ஒரு நொடி எழும் தீ மேலே இழுபட்டால் குழாய் முழுக்கத் தீப்பிடிக்கும். 2007 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வெஸ்ட் ராக்ஸ்பரி பகுதியிலிருந்த ஓர் உணவகத்தில் சமையலறைப் புகைக்குழாயில் பற்றிய தீ, யாருக்கும் தெரியாமல் உள்கூரைக்கு மேலே நெடுநேரம் எரிந்தது. உள்ளே நுழைந்த தீயணைப்பு வீரர்கள் மீது அது திடீரென்று இறங்கியதில் இருவர் உயிரிழந்தனர். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 96ஆம் எண் தர விதி, புகைக்குழாயின் பிசுக்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும் என்று சமையல் வகையை வைத்தே பிரிக்கிறது. விறகு, கரி அடுப்பானால் மாதம் ஒருமுறை. இரவு பகலாக இயங்குவதும் தீயில் வாட்டுவதும் நிறைய இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நடுத்தரமானால் ஆறு மாதம். எப்போதாவது சமைக்கும் இடமானால் ஆண்டுக்கு ஒருமுறை. பிசுக்கு இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். நம் தீயணைப்புத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் ஒரே பதிவேட்டைப் பார்க்கிற ஏற்பாடு இருந்தால், ஒரு வேலையில் இரண்டு காரியம் முடியும்.

சிறிய கடைக்காரரின் வயிற்றில் அடிக்கும் யோசனை இது என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கவலை. இலட்சக்கணக்கில் விலை சொல்லும் பெட்டியை வடைக்கடைக்காரர் மீது சுமத்தினால் அவர் கடையைச் சாத்த வேண்டியதுதான். அதனால்தான் படிநிலை வேண்டும். டீக்கடைக்கும் இட்லிக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் இதில் எந்த வேலையும் இல்லை. நடுத்தரக் கடைக்குத் தகட்டைக் கழுவுவதும் குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றுவதும் போதும். முன்னதற்கு ஆகும் செலவு வெந்நீரும் ஆள் கூலியும், பின்னது ஒருமுறைச் செலவு. மின்தட்டும் கரியும் கேட்க வேண்டியது ஏற்கெனவே 50 லிட்டர் விதிக்குள் வரும் பெரிய சமையலறைகளிடம். மணப்பாறை முறுக்கும் சாத்தூர் சேவும் தொழிற்கூட அளவில் சுடும் இடங்களும் அந்த வரிசையில் வரும். இன்றைக்கும் இந்தப் புகைக்கு யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாஸ்டரின் இருமலும் பக்கத்து வீட்டின் அடைத்த ஜன்னலும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாததால் அது இலவசம் போலத் தெரிகிறது.

பேருந்தும் லாரியும் அனல் மின்நிலையமும் கக்குகிற புகைக்கு முன்னால் அடுப்புப் புகை எம்மாத்திரம் என்பது இரண்டாவது. நகரம் முழுவதற்குமான சராசரியில் சமையலின் பங்கு வாகனத்தைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஆனால் அது புறக்கணிக்கும் அளவில் இல்லை என்பது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நேரடியாக வெளிப்படும் நுண் கரிமத் துகள்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இறைச்சி வாட்டுவதிலிருந்தும் பொரிப்பதிலிருந்தும் வருவதாக 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அப்பகுதியின் காற்றுத்தர அமைப்பு 1997இல் பெரிய உணவகங்களின் சங்கிலியில் இறைச்சி நகரும் கிரில் அடுப்புகளுக்குப் புகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அண்மையில் லாஸ் வேகாஸ் நகரக் காற்றை அளந்தவர்கள், மனிதச் செயலால் வரும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களில் சுமார் 20 சதவீதம் சமையலிலிருந்து வருவதாகக் கண்டார்கள். வாகன எஞ்சின்கள் சுத்தமாகிக்கொண்டே போக, அடுப்பின் பங்கு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. அதைவிட முக்கியம், மூச்சு விடுகிறவர் சராசரிக் காற்றைச் சுவாசிப்பதில்லை. தன் ஜன்னலுக்கு வெளியே இருப்பதைத்தான் சுவாசிக்கிறார். மின்நிலையத்தின் புகைபோக்கி ஊருக்கு வெளியே விண்ணை முட்ட நிற்கிறது. உணவகத்தின் குழாய் படுக்கையறைக்குப் பத்தடியில் நிற்கிறது.

மூன்றாவது ஆட்சேபம் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை, ஆனால் அதுதான் பலமானது: புதிய விதி என்றால் இன்ஸ்பெக்டருக்குப் புதிய மாமூல். இந்தப் பயம் ஆதாரமற்றது என்று எந்தத் தமிழ் வாசகரிடமும் சொல்ல முடியாது. ஆனால் மாமூல் வளர்வது விதி தெளிவில்லாமல், அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட இடத்தில்தான். 'போதிய காற்றோட்டம்', 'பொதுத் தொல்லை இல்லாமல்' போன்ற சொற்கள் அந்த ரகம். தேதி அப்படியல்ல, எழுதியிருக்கும், அல்லது இருக்காது. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை உரிமச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லிவிட்டால், சாப்பிட வருகிறவரும் பக்கத்து வீட்டுக்காரருமே ஆய்வாளர்கள் ஆகிவிடுவார்கள். பொய்யாக எழுதலாமே என்றால், எழுதலாம்தான். ஆனால் நேற்று கழுவியதாக எழுதிய தகட்டை விரலால் தடவிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. இன்றைக்குப் பாதிக்கப்பட்டவருக்கு உள்ள வழி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதுவது, அல்லது பொதுத் தொல்லை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவில் நிர்வாக நடுவரிடம் போவது. இரண்டிலும் அலைந்து ஓய்வது புகார் கொடுத்தவர்தான்.

எரிபொருளை மாற்றினாலே போதும் என்று கருதும் போக்கும் வடக்கே இருக்கிறது. தில்லியில் காற்று மோசமாகும் நாட்களில் தந்தூரி அடுப்புகளில் கரியும் விறகும் எரிக்கத் தடை வருகிறது. மும்பையில் விறகு, கரி எரிக்கும் பேக்கரிகள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஆறு மாதக் கெடு வைத்தது. விறகடுப்பு பிரியாணி என்று பெயர்ப்பலகையிலேயே பெருமையடித்துக்கொள்ளும் நம் ஊர்களும் அந்தத் திசையில் யோசிக்க வேண்டும். நெருக்கமான குடியிருப்புக்குள் விறகு எரிப்பதற்குச் சுவை ஒன்றே நியாயமாகிவிடாது. ஆனால் எரிவாயு அடுப்பில் பொரித்தாலும் எண்ணெயின் புகை எண்ணெயிலிருந்துதான் வருகிறது. அடுப்பு நீலமாக எரிவதாலேயே வெளியேறும் காற்று சுத்தமாகிவிடாது. பழைய எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும் என்பதால், ஏற்கெனவே உள்ள 25 சதவீத விதியை ஒழுங்காக அமல்படுத்தினாலே புகையும் ஓரளவு குறையும். எண்ணெயின் கணக்கும் புகையின் கணக்கும் ஒரே நோட்டில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் பெரியவர், யார் சிறியவர் என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். உணவகம் என்றதும் இருக்கைகளை எண்ணுவது நம் நிர்வாகத்தின் வழக்கம். மேசை நாற்காலியே இல்லாமல், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நான்கைந்து பிராண்டுகளுக்கு ஒரே இடத்தில் சமைத்து டெலிவரிக்கு அனுப்பும் கிளவுட் கிச்சன்கள் பெருகிவிட்ட காலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. இருக்கை பூஜ்யம், புகை முழுசு. அடுப்பின் எண்ணிக்கை, அன்றாட எண்ணெய்ச் செலவு ஆகிய இரண்டையும் அளவுகோலாக வைத்தால் இவர்களும் தப்ப முடியாது, ஒரு சட்டி வைத்து பஜ்ஜி போடுகிறவரும் அநியாயமாக மாட்ட மாட்டார்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவையொட்டி, ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் மண்டபங்களுக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழிகாட்டு நெறிகளை வகுத்திருக்கிறது. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981 முதல் இருக்கிறது. சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி நான்கும் தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் இருக்கின்றன. காகிதத்துக்குப் பஞ்சமில்லை. மாநில உணவுப் பாதுகாப்புத் துறை செய்ய வேண்டியது, 50 லிட்டர் விதிக்குள் வரும் ஒவ்வொரு சமையலறையின் எண்ணெய்ப் பதிவேட்டிலும் புகைக்கென்று ஒரு பக்கம் சேர்த்து, அதில்லாமல் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று அறிவிப்பது. உள்ளாட்சிகள் செய்ய வேண்டியது, புதிய உணவகத்துக்குத் தொழில் உரிமம் தரும்போதே குழாயின் வாய் கூரைக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பது. அரசு கேண்டீன், மருத்துவமனைச் சமையலறை, கல்லூரி விடுதி ஆகிய தன் சொந்த அடுப்புகளிலிருந்து அரசு இதைத் தொடங்க வேண்டும். அங்கே ஓராண்டு நடத்திக் காட்டிவிட்டு, கழுவுவதற்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கையும் வெளியிட்டால், தனியார் கடைக்காரரிடம் அதைக் கேட்பதற்கு அரசுக்கு உரிமை வந்துவிடும்.